கூடுதலும் வர்க்கமும் சேர்ந்து வந்தால் நடு எண்ணைப் பிடியுங்கள்

ஒரு செவ்வக மனையின் சுற்றளவு 68 மீட்டர், மூலைவிட்டம் 26 மீட்டர். நீளம், அகலம் என்ன? நீளம் க, அகலம் ச என்று வைத்தால் க + ச = 34. பிதாகரஸ் தேற்றப்படி க² + ச² = 676.

எல்லோரும் போகும் வழி, க = 34 − ச என்று பதிலிடுவது. (34 − ச)² + ச² = 676 என்பதை விரித்து, 2 ஆல் வகுத்தால் ச² − 34ச + 240 = 0. மூலங்கள் 10, 24. வழியில் குற்றமில்லை, ஆனால் இரண்டு இடங்களில் சறுக்கும். (34 − ச)² என்பதை 1156 + ச² என்று எழுதி, நடுவிலுள்ள −68ச-வை விழுங்கிவிடுவது முதலாவது. கிடைத்த ச = 10 என்பதைக் கொண்டுபோய் வர்க்கச் சமன்பாட்டில் போடுவது இரண்டாவது: க² = 576, க = ±24 என்று வேண்டாத ஒரு விடை முளைக்கும். நேரியல் சமன்பாட்டில் போட்டால் 24 மட்டுமே வரும். எப்போதும் அதில்தான் போட வேண்டும்.

இந்த வகைக்கு நான் சொல்வது வேறு வழி. கூடுதல் தெரிந்துவிட்டால் இரண்டு எண்களின் சராசரியும், அதாவது நடு எண்ணும், தெரிந்துவிட்டது. இங்கே அது 17. ஒன்று 17 + வ, மற்றது 17 − வ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 34வ உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது 2(289 + வ²) = 676. வ² = 49, வ = 7. நீளம் 24, அகலம் 10. காரணிப்படுத்தும் வேலையே இல்லை.

கணக்குக்கு விடை உண்டா என்பதையும் இந்த வடிவம் முன்கூட்டியே காட்டிவிடும். வ² குறை எண்ணாக முடியாது. அகலம் சுழியாகக் கூடாது என்பதால் வ 17-ஐ எட்டவும் முடியாது. ஆகவே சுற்றளவு 68 மீட்டர் என்றால் மூலைவிட்டம் சுமார் 24.04 மீட்டருக்குக் குறையாமலும், 34 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது உதவும்.

இது புதிய உத்தி அல்ல. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பி.எம். 13901 என்ற பாபிலோனியக் களிமண் பலகையில், இரண்டு சதுரங்களின் பரப்பளவுகளையும் பக்கங்களையும் கூட்டித் தரும் கணக்கு இருக்கிறது. அறுபதின் அடிமானத்தில் எழுதிய எண்களை முழு எண்களாக வாசித்தால் பரப்பளவுகளின் கூடுதல் 1300, பக்கங்களின் கூடுதல் 50. தீர்வு இப்படிப் போகிறது: 1300-ல் பாதி 650, 50-ல் பாதி 25, அதன் வர்க்கம் 625, கழித்தால் 25, அதன் வர்க்கமூலம் 5, பக்கங்கள் 30, 20. மாறி என்று ஓர் எழுத்துகூட இல்லாமல்!

இதே சதுரங்களை இன்றைய பாணியில் கேட்டால், "பரப்பளவுகளின் கூடுதல் 1300, சுற்றளவுகளின் வேறுபாடு 40" என்று வரும். 40-ஐ அப்படியே க − ச என்று எழுதுபவர்கள் ஏராளம். சுற்றளவு பக்கத்தின் 4 மடங்கு என்பதால் க − ச = 10. 40 என்றே வைத்தால் (க − ச)² = 1600; அதாவது 1300 − 2கச = 1600, கச = −150. பக்கங்களின் பெருக்கற்பலன் குறை எண்ணாக வந்தால் கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதற்கு முன் கேள்வியின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். "வர்க்கங்களின் கூடுதல்", "கூடுதலின் வர்க்கம்" என்ற குழப்பமும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கெழுக்கள் வேறுபட்டாலும் நடு எண் உதவும். சுவரை ஒட்டிய தோட்டத்துக்கு மூன்று பக்கம் மட்டும் 40 மீட்டர் வேலி. பரப்பளவு 182 ச.மீ. சுவருக்கு இணையான பக்கம் க, மற்றது ச என்றால் க + 2ச = 40, கச = 182. 2ச என்பதை ஒரே எண்ணாகப் பாருங்கள்: கூடுதல் 40, பெருக்கற்பலன் 364. நடு எண் 20; (20 + வ)(20 − வ) = 400 − வ² = 364, வ = 6; ஆக 26, 14. மனைக் கணக்கில் 10, 24 என்ற மூலங்கள் இடம் மாறினாலும் அதே மனைதான். இங்கே அப்படியில்லை. க = 26 என்றால் ச = 7; க = 14 என்றால் ச = 13. இரண்டும் வெவ்வேறு தோட்டங்கள், இரண்டும் சரி. ஒன்றை எழுதி நிறுத்தினால் பாதி விடைதான்.

நடு எண் உதவாத வகையும் உண்டு. "இரு எண்களின் வர்க்கங்களின் வேறுபாடு 400, சிறிய எண்ணின் வர்க்கம் பெரிய எண்ணின் 9 மடங்கு." இங்கே ச-வைத் தனியாக்கி வர்க்கமூலத்துக்குள் போகாதீர்கள். ச² = 9க என்பதை முழுசாகத் தூக்கி முதல் சமன்பாட்டில் வையுங்கள்: க² − 9க − 400 = 0, அதாவது (க − 25)(க + 16) = 0. க = −16 என்றால் ச² = −144; அது விழுந்தது. க = 25 என்றால் ச² = 225, ச = ±15. கேள்வியில் "இயல் எண்கள்" என்று இருந்தால் 25, 15 மட்டும். வெறும் "எண்கள்" என்றால் 25, −15 என்ற சோடியும் விடைதான். −15-உம் 25-ஐவிடச் சிறியதே.