ஆசாரி சட்டையில கறை

மார்ச் 3
வாசக்கதவுக்கு இன்னைக்கு ஸ்டெயின், அதான் மரச் சாயம், அடிச்சோம், ரோஸ்வுட் கலரு. ஆசாரி அண்ணே "தம்பி, இதைக் கொஞ்சம் புடி"ன்னு டப்பாவ குடுத்தாரு, என் சட்டையில நாலு சொட்டு. காய்ஞ்சதும் அம்மா பாத்துட்டு "எங்கடா அடிபட்டுச்சு"ன்னு பதறிட்டாங்க. அவ்ளோ ஒத்துமை.

உடனே டெஸ்னோவ் ஞாபகம் வந்துடுச்சு. 1898 செப்டம்பர், ஜெர்மனியில லெஹ்டிங்கன்னு ஒரு கிராமம், ஸ்கூல் போன ரெண்டு சின்னப் பொண்ணுங்க வீடு திரும்பல, தேடிப் போனா காட்டுல துண்டு துண்டா கெடக்குறாங்க. சந்தேகத்துல புடிச்ச லுட்விக் டெஸ்னோவ் ஊர் ஊரா சுத்துற ஆசாரி. டிரெஸ்ல கறை. கேட்டா மரத்துக்கு அடிக்கிற சாயம்னான். விட்டுட்டாங்க.

மார்ச் 4
மூணு வருஷம் கழிச்சு, 1901 ஜூலை 1, பால்டிக் கடல்ல ரூகன் தீவு. அண்ணன் தம்பி ரெண்டு பொடிப் பசங்க, அதே மாதிரி. அதே ஆசாரி, அதே சாயக் கதை! பொய்யக்கூட மாத்தல பாருங்க. ஆனா இந்த தடவ விசாரிச்ச மாஜிஸ்திரேட்டுக்கு லெஹ்டிங்கன் கேஸ் நெனப்பு வந்துச்சு, அதுபோக கொஞ்ச நாள் முன்னாடி தன் ஆடுகள வெட்டிக் கொதறிட்டு ஓடுனவன் இவன்தான்னு ஒரு விவசாயி அடையாளம் காட்டிட்டாரு.

கறை ரத்தமான்னு பாக்குறதுக்கு 1853லயே டைக்மன் டெஸ்ட் வந்தாச்சு. சிக்கல் என்னன்னா, ரத்தம்தான்னு தெரிஞ்சாலும் "ஆட்டு ரத்தம்யா"ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, காய்ஞ்ச கறையில மனுஷனா மிருகமான்னு அடிச்சு சொல்ல வழியே இல்ல.

மார்ச் 6
நேத்து கரண்ட் இல்ல, எழுதல.

அந்த வழி வந்தது அதே 1901 பிப்ரவரியில, கொலைக்கு அஞ்சு மாசம்கூட முன்னாடி இல்ல. பால் ஊலன்ஹூத், பக்கத்துலயே க்ரைஃப்ஸ்வால்ட்ல டாக்டர். முயலுக்கு மனுஷ ரத்தத்த திரும்பத் திரும்ப ஊசி போடுவாரு, முயல் ஒடம்பு அதுக்கு எதிரா ஒரு பொருள தன் ரத்தத்துல தயார் பண்ணிக்கும், அந்த ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்குற தெளிஞ்ச தண்ணிதான் சீரம். கறைய உப்புத் தண்ணியில ஊறவெச்சு, தெளிஞ்ச தண்ணிய டியூப்ல எடுத்து அந்த சீரத்த விட்டா, மனுஷ ரத்தம்னா நீச்சத்தண்ணி மாதிரி கலங்கும், இல்லன்னா கண்ணாடியா அப்படியே நிக்கும். ஆட்டுக்குத் தனியா ஒரு சீரம்.

டெஸ்னோவ் துணிமணிய ஒவ்வொரு புள்ளியா பாத்தாரு. சில எடத்துல ஆட்டு ரத்தம். மத்த எடத்துல மனுஷ ரத்தம். ரெண்டுமே!

அம்மா என் சட்டைய மூணு தடவ தொவச்சுட்டாங்க, போகல. ஆசாரி அண்ணே நாளைக்கு ரெண்டாவது கோட்டு அடிக்க வராரு, பழைய பனியன் எடுத்து வெச்சிருக்கேன்.