வீட்டு வண்டியை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்தது

போன பங்குனியில், வாலாஜா பக்கம் ஒரு கார் கிளப் நடத்திய ஆட்டோகிராஸில் என் பிரெஸ்ஸாவை ஓட்டினேன். 2022-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். காலையில் மகளைக் காட்பாடியில் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிற வண்டி அதுதான். வீட்டில் வேறு கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டுதான் ஆறு வாரம் வண்டியைத் தயார் செய்தேன்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் சில நொடிகள் கூடும், பாதை தவறினால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். கல்லூரி நாட்களில் பேருந்து பிடித்து இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் பார்க்கப் போவேன். வேலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அந்த மாதிரி ஓடுதளத்தில் ஓட்ட வசதியும் பயிற்சியும் வேண்டும். ஆட்டோகிராஸ் அப்படியில்லை, சாதாரண வண்டியோடு போய் நிற்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்தே ஆசை.

ஆனால் என் வண்டி உயரமானது. முதல் கவலை அதுதான். அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் பெரிய கழகமான எஸ்சிசிஏ, உயரம் அதிகமாகவும் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவாகவும் உள்ள வண்டிகளைக் கவிழும் அபாயம் கருதி விதிப்படியே விலக்கிவைக்கிறது என்று படித்தேன். அன்று மாலையே டேப் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டியின் உயரம் 1685 மில்லிமீட்டர். இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடுவரை அளந்தால் ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டியது. உயரம்தான் அதிகம். அடுத்த நாள் அமைப்பாளர்களுக்குப் போன் செய்து இதை அப்படியே சொன்னேன். எஸ்யூவிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, பாதை ரோலர் போட்டு இறுக்கிய கிராவல் மண், கூம்புகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றார்கள். ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: மாற்றம் செய்யாத எஸ்யூவி என்றால் ஈஎஸ்பியை, அதாவது வண்டி வழுக்கும்போது தானாகவே குறுக்கிட்டுக் கட்டுப்படுத்தும் அமைப்பை, அணைக்கக் கூடாது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. நல்ல தார்த் தரையில் டயர் அப்படியே பிடித்துக்கொள்ளும்போதுதான் உயரமான வண்டி சாய்ந்து கவிழும். மண்ணில் டயர் முதலில் வழுக்கும். அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் போகும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் தட்டினால் அதுவே புரட்டிப் போடப் போதும். பாதையை முதல் நாளே ரோலர் போட்டுச் சமன் செய்வோம் என்று சொன்ன பிறகுதான் பெயர் கொடுத்தேன்.

அடுத்தது இன்சூரன்ஸ். இதைப் பலரும் பார்ப்பதில்லை, தயவுசெய்து பாருங்கள். பாலிசியில் எந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் காப்பீடு செல்லும் என்று ஒரு பகுதி இருக்கும். பந்தயம், வேகச் சோதனை போன்றவை அதில் விலக்கப்பட்டிருக்கும். மைதானத்தில் வண்டிக்கு என்ன ஆனாலும் நம் கைக்காசுதான். மனைவியிடம் பாலிசியைப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் பேசி, போனஸ் பணத்தில் 40,000 ரூபாயை அந்த ஞாயிறு முடியும்வரை தொடாமல் வைப்பது என்று முடிவெடுத்தோம். அந்தப் பணம் இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காக நெடுஞ்சாலையிலோ பாலாற்றுப் பாலத்திலோ வேகம் போடுவது கூடவே கூடாது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரைக்கும் போகும். அதைவிட, எதிரே வருகிறவர் அந்த விளையாட்டுக்குப் பெயர் கொடுத்தவர் இல்லை.

சரி, வண்டிக்கு வருவோம். சத்துவாச்சாரியில் எங்கள் மெக்கானிக் பாய் இருக்கிறார். வாங்கின நாளிலிருந்து வண்டி அவர் கையில்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை, வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"குறைக்கலாம் சார். அப்புறம் பாப்பாவ ஸ்கூலுக்கு இட்னு போம்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி தட்டும். ஷாக்கும் சீக்கிரம் போயிடும். இதுக்கு இன்னா அவசரம்? மொதல்ல இருக்கறது ஒழுங்கா இருக்கான்னு பாக்கலாம்."

அன்று வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அப்புறம் இடமும் வலமும். பேரிங் நன்றாக இருந்தது. முன்பக்கம் வலது லிங்க் ராடு மட்டும் ஆடியது. பல மாதமாக ஸ்பீட் பிரேக்கரில் கேட்ட கட கட சத்தம் அதுதான். வண்டி வளைவில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியைச் சக்கரத்தோடு இணைப்பது இந்த ராடு. அது தளர்ந்தால் சாய்வு கூடும். என்னைப் போல உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டு பக்கமும் மாற்றினோம்.

அடுத்து பிரேக். நான்கு வருஷத்தில் பிரேக் ஆயிலை ஒரு தடவைகூட மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் போட்டுச் சூடேறி உள்ளே ஆவி உண்டானால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. கடைப் பையன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, பாய் கீழே படுத்துக்கொண்டு "மிதி... புடி... விடு" என்று சொல்லிச் சொல்லி நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியே எடுத்தார். டப்பாவில் விழுந்தது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. புதியது தேன் நிறம். இதைத்தான் இத்தனை நாள் நம்பி மகளை உட்காரவைத்து ஓட்டினேனா என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது. பந்தயத்துக்குப் போகாதவர்களும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இதை மாற்றிவிடுங்கள். பின் பிரேக் டிரம்மைத் திறந்து தூசி துடைத்து, ஹேண்ட்பிரேக் கேபிளையும் இறுக்கினார்.

டயருக்குப் பெரியப்பாவிடம் போனேன். அவர் அரக்கோணம் எம்ஆர்எஃப் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் டயர் 215/60 ஆர்16. அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், கிட்டத்தட்ட 129 மில்லிமீட்டர். இவ்வளவு உயரமான பக்கச் சுவர் குண்டு குழியைத் தாங்கும், ஆனால் வேகமாகத் திருப்பினால் மடங்கும். புது டயர் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, "இதுல இன்னும் நாலு மில்லிமீட்டர் பட்டன் இருக்குதுடா, எதுக்குக் காசக் கொட்டற?" என்றார். பட்டன் என்றால் தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள். டயரின் தோளில், அதாவது அந்தக் கட்டைகளும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பில், ஒரு சின்ன முக்கோணக் குறி இருக்கும். பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆனதைக் காட்டும் மேடு அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் அதையே வேறு விதத்திலும் பயன்படுத்துகிறார்கள்: ஓட்டம் முடிந்ததும் உரசல் அந்த முக்கோணத்தைத் தாண்டிக் கீழே போயிருந்தால் டயர் அதிகமாக மடங்குகிறது, இன்னும் காற்று வேண்டும் என்று பொருள். சாக்பீஸால் தோளில் கோடு போட்டுவைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று படித்து நானும் போட்டேன். மண் பாதையில் அது நிற்கவில்லை, முதல் சுற்றிலேயே புழுதி அழித்துவிட்டது. முக்கோணத்தைப் பார்த்தது போதுமானதாக இருந்தது.

டயரில் வழக்கமாக 33 பிஎஸ்ஐ காற்று பிடிப்பேன். போட்டிக்கு முன்னால் 38, பின்னால் 36 வைத்தேன். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தாண்டக் கூடாது. வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். விடிகாலையில் வைத்த காற்று நம்ம ஊர் பதினோரு மணி வெயிலில் அதே அளவில் இருக்காது. அதனால் ஒரு கேஜ் வாங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அளந்து பார்த்தேன்.

கடைசி வாரம் முழுக்க இறக்குகிற வேலைதான். மேல் கேரியரைக் கழற்றினேன். உயரமான வண்டியில் கூரை மேல் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் கெடுதல். ஸ்டெப்னி, ஜாக்கி, கால் மிதியடிகள், டிஷ்யூ டப்பா, பின் கண்ணாடியோரம் இருந்த குடை எல்லாம் போயின. டேஷ்போர்டுப் பிள்ளையாரை எடுக்க அம்மாவுக்கு மனமில்லை. பசை விட்டுத் தெறித்தால் முகத்தில் அடிக்கும் என்று சொன்னதும் அவரே எடுத்துப் பூஜை அறையில் வைத்தார். பெட்ரோல் அரை டேங்க். நிறைய இருந்தால் பாரம், மிகக் குறைவாக இருந்தால் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சினுக்குப் போகாமல் விடலாம். சக்கர நட்டுகளைக் கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார் பாய். முகம் முழுக்க மூடும், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் போதும் என்றார்கள். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தலை கூரையில் தட்டியது, சீட்டை இரண்டு படி இறக்கினேன். கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் பருத்தியில், காலில் அடி மெல்லிய கேன்வாஸ் ஷூ.

போட்டி நாளில் ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் இருந்தேன். பரிசோதனையில் பானட்டைத் திறந்து பேட்டரியைப் பிடித்து உலுக்கினார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு உடனே திரும்புகிறதா என்று பார்த்தார்கள், பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தார்கள். எல்லாம் சரி. கடைசியாக ஒருவர் குனிந்து ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தது என் மகளின் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஒரு வாரம் பார்த்துப் பார்த்து இறக்கிய வண்டி. சீட்டுக்குக் கீழே மட்டும் நான் கையை விட்டுப் பார்க்கவில்லை. பிரேக் போடும்போது அது உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எனக்குக் கை வியர்த்துவிட்டது.

பாதையை மூன்று முறை நடந்து பார்த்தேன். இரண்டாவது முறை நடக்கும்போதுதான் ஓட்டுநர் சீட் உயரத்துக்குக் கூம்புகள் எப்படித் தெரியும் என்று புரிந்தது. முதல் ஓட்டம் 71 நொடி, ஒரு கூம்பு விழுந்தது. இந்த வண்டியில் செய்யக் கூடாத ஒன்றை அதில்தான் கற்றேன்: பிரேக் மிதித்துக்கொண்டே திருப்புவது. மூக்கு அமுங்கிப் பின்பக்கம் லேசாகிவிடுகிறது. இரண்டாவது ஓட்டத்தில் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, காலை மெதுவாக எடுத்து, அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். சாய்வு ஒரே சீராக இருந்தது, 68 நொடி. மூன்றாவதில் பக்கத்துக் கூம்பையே பார்த்துக்கொண்டு இரண்டு கூம்புக்கு நடுவே நுழைய வேண்டிய ஒரு வாசலைத் தவறவிட்டேன், கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஏசியை அணைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு ஆறவைத்தேன். நான்காவது 65.4. எங்கள் பிரிவில் ஒன்பது வண்டி, எனக்கு ஆறாவது இடம். இரண்டு இடத்தில் ஈஎஸ்பி குறுக்கிட்டு வேகத்தைக் குறைத்தது. அந்த நொடிகள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

மாலையில் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திரும்ப ஏற்றி, காற்றை 33-க்கு இறக்கி வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை மகளை இறக்கிவிட்டு நேராக பாயிடம் போனேன். நட்டுகளில் எதுவும் தளரவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டியது, மாற்றிவிட்டோம். பின் டிரம்மிலும் ஒரு கைப்பிடி மண். டயரில் சிக்கிய கற்களைப் பையன் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். முன் பிரேக் பேட் மட்டும் நான் நினைத்ததைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. அடுத்த போட்டிக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். பேட் வாங்கிவிட்டேன், பெயரும் கொடுத்துவிட்டேன். கேரியர் இன்னும் மாடியில்தான் கிடக்கிறது.