ஃபிஜியின் கோரோ மகாவா: மூதாதையர் மேட்டுக்குப் போகும் முறை

ஃபிஜித் தீவுகளில் பல குலங்களுக்கு இரண்டு ஊர் உண்டு. ஒன்று இன்று குடியிருக்கும் ஊர். மற்றது முன்னோர் விட்டுவந்த ஊர், கோரோ மகாவா. பெரும்பாலும் அது மலைமுகட்டிலோ ஆற்று வளைவை ஒட்டிய மேட்டிலோ காடு மூடிக் கிடக்கும். அங்கே போக விரும்புகிறவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணி நேர நடை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பயணம் தொடங்குவது மலையடிவாரத்தில் அல்ல, கீழே ஆள் குடியிருக்கும் ஊரில், பாயில் உட்கார்ந்து அனுமதி கேட்கும்போது. இதை விட்டுவிட்டு நேரே மேலேறுகிறவருக்குக் கல்லும் கொடியும்தான் கண்ணில் படும்.

அனுமதி கேட்பது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. ஃபிஜி நிலத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் மத்தாங்கலி எனப்படும் குலக் கூட்டங்களுக்குச் சொந்தமானது. விற்க முடியாது, குத்தகைக்குத்தான் விடலாம். நம்மவர் கரும்பு பயிரிட்ட வயல்களும் பெரும்பாலும் இத்தகைய குத்தகை நிலங்களே. ஆகவே யாரும் இல்லாததுபோல் தெரியும் காட்டு மேட்டுக்கும் உரிமைக்காரர் இருக்கிறார்கள். அங்கே புதைந்திருப்பவர்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள்.

இந்த ஊர்கள் எப்படி வெறுமையாயின என்பதைத் தெரிந்துகொண்டு போனால் மேட்டில் நிற்கும் மனநிலையே வேறாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குலச்சண்டைகள் ஓயவில்லை. அதனால்தான் ஊர்கள் மலைமேல் இருந்தன. 1835இல் லகேம்பா தீவில் மெதடிஸ்ட் பாதிரிமார் வந்திறங்கினார்கள். 1854இல் பாவ் தீவின் பெருந்தலைவர் தாக்கொம்பாவு மதம் மாறினார். அதன்பின் தெய்வ வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன, சில எரிக்கப்பட்டன. 1874 அக்டோபர் 10இல் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. மறுவருடமே தட்டம்மை வந்து ஏறத்தாழ 40,000 பேரைக் கொண்டுபோயிற்று. நாலில் ஒருவருக்குக் குறையாமல் இறந்தார்கள். அடக்கம் செய்யக்கூட ஆள் போதாத ஊர்கள் இருந்தன. 1876இல் சிங்கடோகா ஆற்றின் மேல்பகுதி மலைமக்களோடு ஆளுநர் ஆர்தர் கோர்டன் போர் நடத்தினார். அது முடிந்ததும் மலைக் கோட்டைகளில் இருந்தவர்களைக் கீழே இறங்கிக் குடியேறச் செய்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், கடை, சாலை எல்லாம் கீழேயே அமைந்ததால் திரும்பி ஏறக் காரணம் இல்லாமல் போயிற்று.

இனி அனுமதி கேட்கும் சடங்கு. செவுசெவு என்பது இதன் பெயர். யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து, வந்த காரணத்தைச் சொல்லி, ஏற்றுக்கொள்ளும்படி கேட்பது. பிற நாடுகளில் காவா என்று அறியப்படும் மிளகுக் குடும்பச் செடிதான் யங்கோனா. நாடி, சிங்கடோகா, சூவா சந்தைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பொடியாக்கிப் பையில் அடைத்து விற்பதையும் பார்க்கலாம். அது வீட்டில் குடிப்பதற்கு. செவுசெவுவுக்கு உலர்ந்த முழு வேர்தான் வேண்டும். பக்கவேரை வாக்கா என்பார்கள். வீரியமும் விலையும் கூடுதல். ஒரு சிறு குழுவுக்கு அரை கிலோ கட்டு போதும். கடைக்காரரிடம் செவுசெவுவுக்கு என்று சொன்னால் செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டித் தருவார். இரண்டு கட்டு வாங்குங்கள். இரண்டாவது எதற்கு என்பது கடைசியில் வரும்.

போகும் நாளை முன்கூட்டியே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர் நிர்வாகத்தைப் பார்ப்பவர் துரங்கா நி கோரோ. அவருக்குச் சொல்லி அனுப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது. அன்று முழுக்க ஆராதனை. ஊரில் சாவு நேர்ந்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள். ஊர் எல்லைக்குள் நுழையும்போது தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும். பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடிக்க வேண்டும். ஆண் பெண் இருவருமே தோளும் முழங்காலும் மூடும்படி உடுத்த வேண்டும். சூலு என்ற வேட்டி போன்ற துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டால் யாருக்கும் உறுத்தாது. குழந்தையானாலும் தலையைத் தொடாதீர்கள். மதுப்புட்டி பையில் இருக்கக் கூடாது.

அதிகமாகத் தவறு நேர்வது காணிக்கை வைக்கும் இடத்தில்தான். வழியில் முதலில் எதிர்ப்பட்டவர் கையில் யங்கோனாக் கட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஊருக்குக் கொடுத்ததாகாது. பின்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். காத்திருந்து, அழைத்துப் போகும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஆண்கள் சம்மணமிட்டு உட்கார, பெண்கள் காலை ஒருபக்கமாக மடித்து உட்கார வேண்டும். தலைவரை நோக்கிக் காலை நீட்டக் கூடாது. கட்டைக் கையில் கொடுக்காமல் பாய்மேல், எதிரே அமர்ந்திருப்பவர் முன் வைக்க வேண்டும். உங்கள் சார்பில், உங்களோடு வரும் உள்ளூர் வழித்துணைவர் பேசுவார்: யார், எங்கிருந்து, எந்தப் பழைய ஊரைப் பார்க்க, எதற்காக. காரணத்தை மறைக்காதீர்கள். படம் எடுக்க வேண்டுமானால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஊரின் சார்பில் ஒருவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, நிலத்தையும் முன்னோரையும் முன்னிறுத்திப் பதில் சொல்வார். கூடியிருப்பவர்கள் உள்ளங்கையைக் குவித்து ஆழமான ஒலி வரும்படி கைதட்டுவார்கள். அந்த நொடியிலிருந்து நீங்கள் அந்த ஊரின் பாதுகாப்பில் இருக்கிறீர்கள்.

பிறகு வேரை இடித்து, தனோவா என்ற மரக்கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிப்பார்கள். கிண்ணத்தோடு சோழி கோத்த கயிறு இருந்தால் அது தலைவரை நோக்கி நீட்டியிருக்கும்; அதைத் தாண்டி நடக்கக் கூடாது. சிரட்டையில் ஊற்றித் தரும்போது ஒருமுறை கைதட்டி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிரட்டையைத் திருப்பித் தந்து மூன்று முறை தட்ட வேண்டும். மண்வாசனையும் கசப்பும் இருக்கும், நாக்கு மரத்துப்போகும். அளவு குறைவாக வேண்டுமானால் ஊற்றும்போதே சொல்லலாம். பாதி குடித்து வைப்பது சரியில்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ளலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மலையேற்றம் செங்குத்தாக இருந்தால் ஒரு சிரட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதல்தடவை போகிறவர்களுக்கு ஏற்ற இடம் சிங்கடோகாவுக்கு வடக்கே சுமார் 4 கி.மீ. தொலைவில் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள தவுனி மலைக்கோட்டை. நாடியிலிருந்து குவீன்ஸ் ரோடு வழியாகச் சிங்கடோகா வந்து, அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம். பார்வையாளர்களுக்காகச் சீரமைத்த இடம் என்பதால் பாதையும் வழிகாட்டியும் உண்டு. திறந்திருக்கிறதா என்று சிங்கடோகாவிலேயே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். சுமார் 90 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் முகடு அது. மேலே நின்றால் ஆறு இருபக்கமும் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோங்காவில் அரசியல் குழப்பம் மூண்டபோது மைலே லதேமாய் என்ற தலைவர் தம் கூட்டத்தோடு இரட்டைத் தோணியில் கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தார். இடம் மாறி மாறி அலைந்து, உள்ளூர்க் குலங்கள் ஏற்றுக்கொண்டு நிலமும் பெண்ணும் கொடுத்தபின் இங்கே வேரூன்றினார்.

மேட்டில் பார்க்க வேண்டியது யாவு. வீடுகள் நின்ற மண்மேடைதான் அது. மரமும் கூரைப்புல்லும் மட்கிப்போயின, மேடை மட்டும் நிற்கிறது. செவ்வக வடிவத்தில் தரை திடீரென உயர்ந்து, ஓரத்தில் கல் அணைத்திருந்தால் யாவு என்று அறியலாம். சுண்ணாம்புக்கல் மலையில் வழவழப்பான உருண்டைக் கல் கிடந்தால் அது தானாக வந்ததல்ல. ஆற்றிலிருந்து யாரோ சுமந்து ஏற்றியது. மேடையின் உயரம் அந்த வீட்டாரின் தகுதியைச் சொல்லும். ஊர் நடுவே சமதளமாகத் திறந்திருப்பது ராரா, சடங்குகளும் கூட்டங்களும் நடந்த வெளி. கருகி வெடித்த கற்கள் குவிந்திருந்தால் அங்கே லோவோ என்ற மண் அடுப்பு இருந்திருக்கிறது. மலைமேல் சிப்பி ஓடு கிடந்தால் சாப்பாட்டுக் குப்பை. இவற்றுக்கு இடையே மரங்களையும் கவனியுங்கள். உண்ணத்தகுந்த கொட்டை தரும் ஈவி மரமும் ஈரப்பலாவும் ஓரிடத்தில் கூடி நின்றால் மனிதர் நட்டுவைத்த தோப்பின் மிச்சமாக இருக்கலாம். விழுதுவிட்ட பெரிய ஆல்வகை மரங்களை ஆவிகள் தங்குமிடமாகக் கருதுவது பழைய வழக்கம். கிளை ஒடிக்காதீர்கள், அடியில் சிறுநீர் கழிக்காதீர்கள்.

தவுனியில் பகைவரைக் கொன்ற கல்லும் இருக்கிறது. அதன்மேல் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. உயிர் போன இடம் அது. இதே ஆற்றின் தலைப்பகுதியில், நபுதவுதவு என்ற ஊரில் 1867இல் தாமஸ் பேக்கர் என்ற பாதிரியாரும் அவரோடு சென்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ஊரார் 2003இல் பேக்கரின் வழித்தோன்றல்களை வரவழைத்து, தம்புவா என்ற திமிங்கிலப் பல்லைக் காணிக்கையாக வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். முன்னோர் செய்ததன் சுமை தங்கள்மேல் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள்.

பழைய ஊரின் உயரமான மேடைகளில் ஒன்று புரே கலௌ, தெய்வ வீடு, நின்ற இடமாக இருக்கும். செங்குத்தான நெடுங்கூரை, உள்ளே உத்தரத்திலிருந்து வெள்ளை மரப்பட்டைத் துணி தரைவரை தொங்கும். குலத்தின் மூதாதைத் தெய்வம் அந்தத் துணி வழியே இறங்கிப் பூசாரியான பெத்தேயிடம் வரும். அவர் உடல் நடுங்கி, தெய்வத்தின் குரலில் போரைப் பற்றியும் மழையைப் பற்றியும் நோயைப் பற்றியும் சொல்வார். மருளாடிக் குறிசொல்லும் குலதெய்வக் கோயில்களை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தென்னைநார்க் கயிற்றால் முடைந்த சிறிய புரே கலௌ வடிவங்கள் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. மலைக்குப் போகுமுன் சூவாவில் ஃபிஜி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் வெறும் மேடைமேல் என்ன நின்றது என்பது மனதில் தெளிவாகும்.

தெய்வங்களுள் மூத்தவர் டெங்கேய், பாம்பு வடிவானவர். ஃபிஜியின் மிகப் பெரிய தீவான விதி லெவுவின் வடக்கே ரா மாகாணத்தில் உள்ள நகவ்வந்த்ரா மலைத்தொடர் அவர் இருப்பிடம். இறந்தோரின் ஆவிகள் மலைமுகட்டுப் பாதை வழியே அந்தத் தொடருக்குச் சென்று, பின் இரண்டாவது பெரிய தீவான வனுவா லெவுவின் மேற்கே நைதொம்போதொம்போ முனையிலிருந்து மறுவுலகுக்குக் குதித்துப் போகும் என்பது மரபு. நகவ்வந்த்ராவில் உள்ளூர்த் துணை இல்லாமல் ஏறுவது முறையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

நம் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாடியில் முருகனைத் தரிசித்துவிட்டு அப்படியே இந்தப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. பக்தி மிகுதியால் யாவு மேல் கற்பூரம் ஏற்றுவதோ, கல்லுக்குக் குங்குமம் இடுவதோ, தேங்காய் உடைப்பதோ வேண்டாம். இந்த மக்களில் பெரும்பாலோர் இன்று மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள்; பழைய தெய்வங்களோடு அவர்களுக்குள்ள உறவு அச்சமும் மதிப்பும் கலந்தது. இன்னும் கும்பிடுகிறீர்களா என்று கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். மேட்டில் முன்னோருக்கு ஏதாவது வைக்க வேண்டுமானால் அதைக் குலத்தவர் செய்வார். நாம் தலையிலிருந்து தொப்பியை எடுத்து, குரலைத் தாழ்த்தி நின்றாலே போதுமானது. உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது துலோ என்று சொல்லிக் குனிந்து போவது அவர்கள் வழக்கம். மேடைகளைக் கடக்கும்போதும் வழித்துணைவர் அப்படிச் சொன்னால் கூடவே சொல்லுங்கள்.

உடைந்த பானை ஓடு, கற்கோடரி எதையும் எடுக்கக் கூடாது. தொல்பொருள்களைக் காக்க 1940ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. கிடந்த இடத்திலிருந்து நகர்த்தினாலே அதன் சாட்சியம் போய்விடும். மட்பாண்டம் வேண்டுமென்றால் சிங்கடோகா ஆற்றங்கரையில் நகம்புத்தா ஊருக்குப் போங்கள். பெண்கள் இன்னும் பழைய முறையில் பானை வனைகிறார்கள்.

மே முதல் அக்டோபர் வரை உலர்பருவம். மழை மாதங்களில் சுண்ணாம்புக்கல் சறுக்கும், ஓடைகள் ஒரு மணி நேரத்தில் பெருகும். காலில் கீறல் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதீர்கள்; எலிக்காய்ச்சல் அங்கே உண்டு. டெங்குக் கொசுவும் உண்டு, ஆகவே முழுக்கை சட்டை நல்லது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள காலணி, இருட்டுமுன் இறங்கிவிடும்படி நேரக்கணக்கு வேண்டும்.

கைவிடப்பட்ட ஊர்கள் எல்லாம் பழங்கதை அல்ல. வனுவா லெவுவில் வுனிதொங்கொலோவா ஊரைக் கடல் தின்றதால் 2014இல் மக்கள் சுமார் 2 கி.மீ. உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அரசின் துணையோடு ஃபிஜியில் முதலில் இப்படி நகர்ந்த ஊர் இதுவே. அந்த ஊரை விட்டுப்போனவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கரையில் நிற்கும் பழைய வீடுகளைப் படம் எடுக்குமுன் புதிய ஊரில் அனுமதி கேளுங்கள்.

மலையிலிருந்து இறங்கியதும் நேரே வண்டி ஏறிவிடக் கூடாது. மறுபடி ஊருக்குள் வந்து விடைபெறும் சடங்கைச் செய்ய வேண்டும், இதாதாவு என்பார்கள். இரண்டாவது யங்கோனாக் கட்டு இதற்குத்தான். பாயில் வைத்து, பார்த்ததற்கு நன்றியும் அறியாமல் ஏதும் பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படியும் துணைவர் சொல்வார். மேலே யாராவது வழுக்கி விழுந்திருந்தால், கல் ஏதும் பெயர்ந்திருந்தால், அதையும் மறைக்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள்; சரிசெய்ய வேண்டிய சடங்கு இருந்தால் அவர்களே செய்துகொள்வார்கள்.