வெங்காயம் கேட்டால் தண்டு வரும்

டோக்கியோவில் சாம்பாருக்கு வெங்காயம் வாங்கப் போய், மொழிபெயர்ப்புச் செயலி சொன்னபடி 'நெகி' என்று கேட்டால், முழங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தண்டை நீட்டுவார்கள். அதை வைத்துச் சாம்பார் வைக்கலாம், ஆனால் வீட்டில் சண்டை வரும். நமக்குத் தெரிந்த உருண்டை வெங்காயம் 'தமநெகி'. 'தம' என்றால் உருண்டை. ஒசாகா பக்கம் போனால் அதே 'நெகி' பெரும்பாலும் பச்சைத் தாளாகிவிடும். உணவகத்தில் இது எதுவும் வேண்டாம் என்றால் 'நெகி நுகி தெ' என்று சொன்னால் போதும். 'நுகி' என்றால் நீக்கியது. எந்தக் காயின் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் இதுதான்.

கிழங்கு வகைக்கு 'இமொ' என்ற வால் உண்டு. ஜகைமொ உருளைக்கிழங்கு, சத்சும-இமொ சர்க்கரைவள்ளி, சதொ-இமொ சேப்பங்கிழங்கு. நக-இமொவில்தான் கவனம் வேண்டும். பார்வைக்கு நீளமான சாதுக் கிழங்கு; துருவினால் வழவழவென்று கூழாகும். அதைப் பச்சையாகவே சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். தோல் சீவும்போது கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பொரியல் செய்யும் எண்ணத்தோடு இதை வாங்காதீர்கள்.

பெயர்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கொபோ என்று ஒரு வேர்க்காய் உண்டு. அதன் முதல் எழுத்து 'கடல்' என்பதில் வரும் க அல்ல, 'தங்கம்' என்பதில் வரும் க. அடிக்கோடு போட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் கடைக்காரருக்குப் புரியாது. முள்ளங்கியை 'டைக்கான்' என்று நாக்கை மடித்துச் சொல்லவேண்டாம். 'பந்து' என்பதில் வரும் த-வைப் போட்டு 'தைக்கொன்' என்றால் கிட்டத்தட்ட சரி. குறில், நெடில் விஷயத்தில் மட்டும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து 'ந' எழுத்துக் கூட்டம். நிஞ்ஜின் கேரட், நின்னிக்கு பூண்டு, இங்கென் பீன்ஸ், நிங்கென் மனிதன். கால் கிலோ பீன்ஸ் கேட்கப் போய் முன்னால் ஒரு 'ந' சேர்ந்துவிட்டால், கால் கிலோ மனிதன் கேட்டதாக ஆகும். இங்கென் என்பது 1654-இல் சீனாவிலிருந்து ஜப்பான் போன ஒரு பௌத்தத் துறவியின் பெயர். அவர் கொண்டுவந்த பயறு என்று சொல்லி அவர் பெயரையே காய்க்கு வைத்துவிட்டார்கள்.

'கபு' அதைவிட மோசம். டர்னிப்பும் கபு, கம்பெனிப் பங்கும் கபு. அலுவலகத்தில் இருவர் கபு விலை ஏறிவிட்டது என்று முகம் மலர்ந்து பேசிக்கொண்டால், காய்கறி விலை ஏறியதற்கு என்ன சந்தோஷம் என்று யோசிக்க வேண்டாம். போதாக்குறைக்கு, நாபா என்ற நீளமான சீன முட்டைக்கோஸை எண்ணும் அளவைச் சொல்லும் கபுதான்.

ஆம், எண்ணுவதற்கும் தனிச் சொற்கள். நீளமான காய்க்கு 'ஹொன்': ஒன்று இப்பொன், இரண்டு நிஹொன், மூன்று சம்பொன், ஆறு ரொப்பொன். நாட்டின் பெயரும் நிஹொன் என்பதால் 'நிஞ்ஜின் நிஹொன்' கேட்டால் ஜப்பான் கேரட் என்று நினைப்பார்களோ என்ற பயம் வரும். டோக்கியோ பேச்சில் இரண்டு என்றால் குரல் 'நி'-யில் உயர்ந்து உடனே இறங்கும், நாடு என்றால் 'ஹொ'-வில் உயரும். முட்டைக்கோஸுக்கு ஹிதொதம, கீரைக் கட்டுக்கு ஹிதொதப. இதெல்லாம் குழம்பினால் ஹிதொத்சு, ஃபுதத்சு, மித்சு என்று ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் தப்பிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெரிய கடைகளில் வாயே திறக்க வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு முதலில், வெளிநாட்டுச் சொற்களை எழுதப் பயன்படும் கதகனா எழுத்துகள். கியபெத்சு (முட்டைக்கோஸ்), தொமத்தொ (தக்காளி), ஒக்குரா, பீமன் (குடைமிளகாய்) எல்லாம் பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும். ஒக்குரா நம் வெண்டைக்காய். வழவழப்பைப் போக்க நாம் படாதபாடு படுவோம். அவர்கள் அந்த வழவழப்புக்காகவே வாங்குகிறார்கள். பாகற்காய் 'கோயா' (இதிலும் தங்கத்தின் க). தெற்கே ஒகினாவாத் தீவுக்காரர்கள் அதில் செய்யும் கோயா சம்புரூவில் பன்றி இறைச்சியும் முட்டையும் வழக்கமாக இருக்கும். பாகற்காய் வறுவல்தானே என்று சைவர்கள் ஏமாற வேண்டாம்.

கத்திரிக்காய் கிழக்கே நசு, ஒசாகா பக்கம் நசுபி. இலையுதிர்காலத்துக் கத்திரிக்காயை மருமகளுக்குக் கொடுக்காதே என்று ஒரு பழமொழியே உண்டு. அவ்வளவு ருசியான காயை அவளுக்கு ஏன் என்ற மாமியார் புத்தி என்பார் சிலர். இல்லை, குளிர்ச்சி அவள் உடம்புக்கு ஆகாது என்ற கரிசனம் என்பார் சிலர். இரண்டாவது விளக்கத்தைச் சொன்னவர் யாருடைய மாமியார் என்று கேட்கத் தோன்றுகிறது.

மியோகா என்று இஞ்சி இனத்து மொட்டு ஒன்று உண்டு. டோஃபு மேல் மெல்லியதாக அரிந்து தூவுவார்கள், நல்ல வாசனை. அதிகம் தின்றால் ஞாபகமறதி வரும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. ஆதாரம் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்யும் வாரத்தில் அதை வாங்காமல் இருந்துவிடுங்கள்.