அறுவடை வயலில் ஒரு கபடி ராத்திரி

நேற்று ராத்திரி பக்கத்து ஊரில் கபடிப் போட்டி. சம்பா அறுத்த வயலைச் சமன்படுத்தி, சுற்றிலும் விளக்கு கட்டியிருந்தார்கள். எட்டாவது படிக்கும் அக்கா மகனையும் கூட்டிப் போனேன்.

55 கிலோ பிரிவு அரையிறுதி. ஒரு பக்கம் மூன்றே பேர் மிச்சம். ரெய்டு வந்தவன் தொட்டுவிடலாம் என்று காலை நீட்டினான். மூலையில் நின்ற ஒல்லிப் பையன் சடாரென்று குனிந்து கணுக்காலைப் பிடித்தான். முழங்கை மண்ணில் தேய்ந்து ரத்தம் கசிந்தும் விடவில்லை. மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி!

“மாமா, அந்த அண்ணன், ரெய்டு வந்தவரோட மூஞ்சியைப் பார்க்கவே இல்ல, அவர் காலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க” என்றான் மருமகன். நான் அதைக் கவனிக்கவே இல்லை. இன்று விடிந்ததும் வைக்கோலைப் பரப்பி, தம்பியை ரெய்டு வரச் சொல்லி அதே பிடியைப் பழகிக்கொண்டிருந்தான்.

2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் நம்ம வடுவூர் அபினேஷ் மோகன்தாஸும் இருந்தார். திருவாரூர் மாவட்டத்துப் பிள்ளை! அதைச் சொன்னதும் மருமகன், “வடுவூருக்கு பஸ்ல போயிடலாமே மாமா” என்றான்.

ஒரே ஒரு வருத்தம். டிராக்டர் டிப்பரில் ஏறி நின்று, புள்ளிக்குப் புள்ளி கத்திக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம்கூட இல்லை. 2010-லேயே ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி வந்துவிட்டது. போட்டி நடத்தும் அண்ணன்மார்களே, அடுத்த வருஷம் நோட்டீசில் பெண்கள் பிரிவையும் போடுங்கள். ஒரு கோப்பைக்கு நான் பொறுப்பு.