விபூதிப் புதனும் ஓரியூர்ச் செம்மண்ணும்

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக வேதசாட்சியாக உயிர்விட்ட பிப்ரவரி 4 அன்றே போக வாய்த்தது இந்த முறைதான். 2-ஆம் தேதி ஆண்டவர் காணிக்கைத் திருநாளில் மெழுகுதிரி மந்திரித்தார்கள். மறுநாள் புனித பிளாசியார் திருநாள். அந்தத் திரிகளில் இரண்டைக் குறுக்காகக் கழுத்தில் வைத்துத் தொண்டைக்கு ஆசீர்வாதம் தந்தார்கள். அதற்கடுத்த விடியற்காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த ஜான் தெ பிரிட்டோதான் இந்த அருளானந்தர். 1673-இல் இந்தியாவுக்கு வந்தவர். காவி உடுத்தி, புலால் விலக்கி, பண்டார சுவாமி என்னும் துறவியாக மறவ நாட்டில் ஊர் ஊராக நடந்தார். மறவர் குலத் தலைவர் தடியத்தேவன் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவி போதும் என்று மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவ நாட்டு மன்னர் சேதுபதியின் உறவுக்காரி. அவள் சேதுபதியிடம் முறையிட, அருளானந்தர் கைதானார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

அந்த நாள் எந்த நாள் என்று இந்தப் பயணத்துக்கு முன் நான் யோசித்ததே இல்லை. 1693-இல் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், மார்ச் 22-இல் வந்தது. எந்த வருடமும் அந்தத் தேதிக்கு முன்னால் பாஸ்கா வரவே வராது. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் சரியாக பிப்ரவரி 4-இல் விழும்! 1818-இலும் அப்படி விழுந்தது, அடுத்தது 2285-இல்தான். திருச்சபை நாள்காட்டியின்படி விபூதிப் புதனில் எந்தப் புனிதரின் திருநாளுக்கும் இடமில்லை. திருச்சபை ஊதா உடுத்தி, "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய்" என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் அவர் இரத்தம் இந்த மண்ணில் விழுந்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நான் போனபோது விபூதிப் புதனுக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் பீடத்தில் வேதசாட்சிகளுக்குரிய சிவப்பு. குருவானவரின் உடுப்பிலும் சிவப்பு. பூசை முடிந்து வெளியே வந்தால் மண்ணும் அதே நிறம். அவர் இரத்தம் பட்டுத்தான் சிவந்தது என்று காலங்காலமாகச் சொல்லி, சனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். நானும் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டேன். மாவு போல அவ்வளவு மென்மை. விரல் ரேகைகளில் ஏறி, தட்டியும் போகவில்லை.

பக்கத்தில் ஒரு பாட்டி மண்ணைக் கட்டைவிரலில் தொட்டுப் பேரனின் நெற்றியில் சிலுவை போட்டார். விபூதிப் புதனில் குருவானவர் போடுவாரே, அச்சாக அதே மாதிரி. நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்தவர், "நீங்களும் குனிங்க தம்பி" என்றார்.

குனிந்தேன்.