அம்மாவின் அளவு நோட்டு

இருபது வருஷத்துக்கு மேல் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். யாருக்கு அளவெடுத்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவேன். அம்மாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. போன தீபாவளிக்கு அளவெடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

2019 பொங்கலுக்குக் கைச்சுற்று 11½ இஞ்ச். 2022-ல் 11. இந்தத் தீபாவளிக்கு 9¾. இடுப்புச் சுற்று மட்டும் அன்றும் இன்றும் 34.

அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு கிலோகூடக் குறையவில்லை. "வெயிட் சரியாத்தான் இருக்கு" என்பார்கள், நாங்களும் நிம்மதியாகத் திரும்பிவிடுவோம். உடம்பில் கொழுப்பு ஏறிக்கொண்டே கையிலும் காலிலும் சதை கரைந்தால் எடை மெஷினுக்கு அது தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னிடம் தைக்கக் கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் நோட்டைக் காட்டினேன். "கையை விடக் கெண்டைக்காலைப் பாருங்கக்கா" என்றாள். நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிந்திருக்க, சதை அதிகம் உள்ள இடத்தில் டேப்பைச் சுற்ற வேண்டும். இறுக்கக் கூடாது. அம்மாவுக்குச் சாயங்காலமானால் கால் வீங்கும். வீக்கம் அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்பதால் காலையில் எடுக்கச் சொன்னாள். 29.5 சென்டிமீட்டர். ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் சொன்ன வரையறைப்படி பெண்களுக்கு 33-க்கும், ஆண்களுக்கு 34-க்கும் குறைந்தால் தசை கரைந்திருக்கிறதா என்று மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம்.

டேப் இல்லாமலும் பார்க்கலாம். ஜப்பானில் சொல்லித்தரும் முறை இது. இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையம் போலச் சேர்த்து, தன் கெண்டைக்காலைத் தானே சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது. அம்மா குனிந்து பிடித்தாள். விரல்கள் தொட்டுக்கொண்டன. அதற்குப் பிறகும் சதைக்கும் விரலுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.

அளவு மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்றும் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னாள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். 12 நொடிக்குள் முடிய வேண்டும். அம்மாவுக்கு 19 ஆனது. காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, பிடியில் பலமின்மை, மெதுவான நடை, நடமாட்டம் குறைவது என்ற ஐந்தில் மூன்று இருந்தால் அது உடல் நலிவு. 2001-லிருந்தே மருத்துவர்கள் இப்படிக் கணக்கிடுகிறார்கள். அம்மாவிடம் எடைக் குறைவைத் தவிர மற்ற நான்கும் இருந்தன. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க வருஷக்கணக்கில் என்னைக் கூப்பிடுவதை நான் பிடி தளர்ந்ததாக நினைக்கவே இல்லை.

"வயசானா அப்படித்தான்டி" என்றாள் அம்மா. கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியதிலிருந்து அவள் ராத்திரிக்குக் கஞ்சியும் தயிர் சாதமுமாகவே சாப்பிட்டிருக்கிறாள். மெல்ல முடியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட மனசு வலிக்கிறது.

சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்ற பிறகு தினமும் ஒரு முட்டை, மசித்த கொண்டைக்கடலை, கெட்டிப் பருப்பு என்று ஆரம்பித்தோம். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் பத்துப் பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்குவாள். பால் பொங்கும்வரை அதுதான் வேலை.

ஆறு மாதம் ஆகிறது. கால் 30.1. நாற்காலிக்கு 15 நொடி. நேற்று புது ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேன், கைச்சுற்று சரியாக 10. எழுதி முடிப்பதற்குள் அம்மா சொன்னாள்: "கையில உள்பக்கம் ஒரு இஞ்ச் துணி விட்டே தை. பின்னால பிரிச்சு விட வேண்டியிருக்கும்."